ஐஸ் அறையின் நீல நோட்டுகள்

எவ்தொக்கியாவுக்கு இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு முத்திரை வேண்டும். ஒரு நாள் வேலைக்கு ஒரு முத்திரை. முன்பெல்லாம் சின்னப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். இப்போது கணினியில் ஏறிவிடுகிறது, முத்திரை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அத்தனையும் ஏறினால் பென்ஷன். ஒன்று குறைந்தாலும் இல்லை. அறுபத்தோரு வயதில், படியைப் பார்த்தாலே முனகுகிற இரண்டு முழங்கால்களோடு, அவள் அதைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

பலியோமோலோ துறைமுகத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் அறை அவள் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக. உள்ளே ஒரு ஆள் உயரத்தில் மெஷின், அதன் வயிற்றுக்குள் ஒரு உருளை. உருளையின் உள்சுவரில் தண்ணீர் வழிந்து உறையும், சுற்றி வரும் கத்தி அதைச் சீவித் தள்ளும், சீவல் கீழே தொட்டியில் விழும். படகுக்காரர்கள் வந்து பெட்டியை நீட்டினால் அள்ளிப் போடுவாள். இதுதான் வேலை என்று ஊர் நினைத்தது. அள்ளிப் போடுவது வேலையில் கால் பங்குகூட இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

வாரம் ஒரு முறை மெஷினின் பின்பக்கத் தகடுகளில் ஒட்டும் உப்பையும் தூசியையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மாதம் ஒரு முறை மேலே ஏறிப் பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற சின்னத் துளைகளை எலுமிச்சை உப்புக் கரைத்துக் கழுவ வேண்டும். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அப்படி. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மெஷினை முதலில் பொருத்த வந்த ஆள். "எல்லாத்தையும் எழுதி வை, செஞ்சதையும் எழுது, செய்யாததையும் எழுது" என்று சொல்லிவிட்டுப் படகேறிப் போனான். அவன் பெயர்கூட அவளுக்கு மறந்துவிட்டது. சொன்னது மறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நீல அட்டை நோட்டில் அன்றிலிருந்து எழுதி வருகிறாள். இருபத்திரண்டு நோட்டுகளை அலமாரியில் அடுக்கியிருந்தாள். ஒருவரும் தொட்டதில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி காலையில் ஸகரியாஸ் வந்தான். சங்கத்தின் தலைவன், எவ்தொக்கியாவின் கணவன் நிகிதாஸின் தம்பி. நிகிதாஸ் இறந்து பதினோரு வருடமாகிறது. கையில் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தவன் கதவைச் சாத்தப் போனான்.

"சாத்தாதே, மூச்சு முட்டும். சொல்ல வந்ததைச் சொல்லு" என்றாள்.

"புது மெஷினுக்கு ஆறாவது தடவையா மீன்துறை ஆபீஸ்ல போய் நின்னுட்டு வந்தேன் அண்ணி. அதே பாட்டுதான். பழசு வயசாகிச் செத்தா புதுசு இனாம். சாகலைன்னா கிடையாது."

"இது இப்ப சாகிற மாதிரி இல்லையே."

"அதான் பிரச்சினையே. நீங்கதான் சாக விட மாட்டேங்கிறீங்க."

அவள் ஐஸ் அள்ளும் நீளக் கரண்டியைச் சுவரில் சாய்த்தாள். "என்ன, அதை நானே கொல்லணும்ங்கிறியா?"

"ஐயோ, யாரு கொல்லச் சொன்னா? சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். கழுவ வேணாம், கிரீஸ் வேணாம். ஜூன்ல பரிசோதிக்க ஆள் வருது. அதுக்குள்ள அதுபாட்டுக்குப் படுத்துடும். போன ஆகஸ்ட்ல ரெண்டு நாள் நின்னப்ப நான் வாங்கின வசவு உங்களுக்குத் தெரியும்ல? என்னால இனி முடியாது."

"புதுசு வந்தா?"

"படகுக்காரன் அட்டையை வச்சா ஐஸ் தானாக் கொட்டும். ஆளே வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காபியைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது பார்த்துக்கலாம் அண்ணி" என்றான்.

ஏதாவது பார்த்துக்கலாம் என்ற சொல்லை அவள் ஏற்கெனவே நிறையக் கேட்டவள். வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு வருடம் அவளுக்கு ஒரு முத்திரைகூட ஏறவில்லை. கேட்கிறபோதெல்லாம் அப்போதைய தலைவர் சொன்னது அதைத்தான். நிகிதாஸ் போன பிறகு ஸகரியாஸ் தலைவனாகி, சண்டை போட்டு, அவள் பெயரைப் பதிவு செய்தான். அந்த நன்றி அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. அவன் இல்லாவிட்டால் இந்த முத்திரைகளே இல்லை. அவன் சொல்வதைச் செய்தால் மீதி முத்திரைகள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. களைப்பாக இருந்தது. "சரி" என்றாள்.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் பத்தொன்பது வருடம் ஒரே காரியத்தைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் கை தானாகக் குழாயைத் தேடிப் போகும். பிடித்து நிறுத்த வேண்டும். அன்று என்ன செய்தோம் என்று எழுத நோட்டை எடுத்தாள். செய்தது எதுவும் இல்லை. பென்சிலை நாக்கில் தொட்டு, செய்யாததை எழுதினாள்.

முதல் இரண்டு வாரம் மெஷின் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல உடம்பு, அவள் வைத்த உடம்பு. மூன்றாவது வாரம் கம்ப்ரசர் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது; பின்பக்கத்துக் காற்றில் கை வைத்தால் சூடு கூடுதல். தகடுகளில் உப்புப் படிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மே மாதம் பிறந்ததும் மேலே பேரிங்கிலிருந்து ஒரு முனகல் வந்தது. வெளியாள் யாரும் கேட்டிருக்க முடியாது. அவளுக்குக் கேட்டது. வீட்டில் படுத்தாலும் காதுக்குள் கேட்டது. எழுதினாள்.

அதன்பின் சீவல் மாறியது. நல்ல சீவல் உலர்ந்து கலகலவென்று விழும். கையில் எடுத்தால் ஒட்டாது. இது ஈரமாக, குழைந்த சோறு போலத் தொப்பென்று விழுந்தது. துளைகள் அடைத்துக்கொண்டதால் உருளையில் அங்கங்கே பனி பிடிக்காமல் வெறுமையாக நின்றது. பிடித்த இடத்தில் சுண்ணாம்பின் மேல் பனி இறுகிவிட்டதால் கத்தி கீச்சென்று கத்தியது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்தாள், கேட்டாள், தொட்டாள், எழுதினாள். எதற்கும் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எலுமிச்சை உப்பு மூன்று பாக்கெட். கிரீஸ் டப்பா. அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்க அவள் அதன் முன்னால் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

சங்கத்து நிர்வாகிகளில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற படகுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் மெஷினுக்குக் கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தார்கள். ஜனவரியில் பாதிரியார் தீர்த்தம் தெளித்தபோது மெஷினைச் சரியாக நனைக்கவில்லை என்று ஒரு கட்சி. நன்றாகத்தான் நனைத்தார், சுவிட்சுப் பெட்டிக்குள்ளேயே விட்டார் என்று எவ்தொக்கியா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பந்தெலிஸ் என்ற படகுக்காரன் கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாவோஸின் படம் ஒன்றைக் கொண்டுவந்து, கண் படாமலிருக்க நீல மணி ஒன்றையும் சேர்த்து, நேராக மெஷினின் காற்றுச் சல்லடையில் மாட்டினான். அங்கேதான் மாட்டுவார்கள், எப்போதும். புனிதருக்கு முகத்தில் காற்றுப் படட்டும் என்றோ என்னவோ. காற்று போகிற வழியில் யார் நின்றாலும் மெஷினுக்கு மூச்சுத் திணறும், புனிதராக இருந்தாலும். பத்தொன்பது வருடமாக அவர்கள் மாட்டுவார்கள், அவள் எடுத்துப் பக்கத்துச் சுவரில் வைப்பாள். இந்த முறை எடுக்கலாமா கூடாதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. எடுத்தால் அதுவும் பராமரிப்பில்தான் சேரும். விட்டுவிட்டாள். அன்றைக்கு நோட்டில், "புனிதர் காற்று வழியில். எடுக்கவில்லை" என்று எழுதினாள்.

ஜூன் மூன்றாம் தேதி வெயில் சுட்டது. பந்தெலிஸ் இரவெல்லாம் வலை போட்டுப் பிடித்த மத்தி மீனில் பதினான்கு பெட்டி சந்தையிலிருந்து திரும்பி வந்தது. ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகி, மீன் வயிறு வெடித்துக் கிடந்தது. அவன் பெட்டியைக் கொண்டுவந்து ஐஸ் அறை வாசலில் போட்டான். நாலு படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"இதென்ன ஐஸா, கஞ்சியா? நல்லாப் பாரு அக்கா! என் ஒரு ராத்திரி உழைப்பு!"

"பார்க்கிறேன் பந்தெலிஸ்."

"பார்த்து என்ன? முன்னெல்லாம் குழாயும் கையுமா நிப்பே. இப்ப ரெண்டு மாசமா நாற்காலியும் நீயுமா இருக்கே. பென்ஷன் கண்ணுக்குத் தெரிஞ்சதும் உடம்பு வளையலையா?"

யாரோ சிரித்தார்கள். எவ்தொக்கியா வாயைத் திறந்தாள். கூட்டத்தின் பின்னால் ஸகரியாஸ் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவமானம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கத்தியதால்கூட இல்லை, கத்துவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. அவன் சொன்னது உண்மை மாதிரி இருந்ததுதான் வலித்தது. நாற்காலியும் அவளும்தானே. வீட்டுக்குப் போகும்போது தெருவில் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. முத்திரை போனாலும் போகிறது, இந்த வேலை முடிந்தால் போதும் என்று முதன்முறையாக நினைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள்.

பரிசோதனை ஜூன் பதினேழு. வந்தது ஒரு இளம்பெண், அர்கிரோ என்று பெயர், பொறியாளர். படகிலிருந்து இறங்கும்போதே ஸகரியாஸ் காபி சொல்லிவைத்திருந்தான், ஆக்டோபஸ் வறுக்கச் சொல்லிவைத்திருந்தான். அவள் எதையும் தொடாமல் நேராக ஐஸ் அறைக்கு வந்தாள். செய்தி கேட்டுப் படகுக்காரர்களும் வாசலில் நின்றார்கள், பந்தெலிஸும்.

மெஷின் தன் பங்குக்குச் சரியாக நடந்துகொண்டது. முனகியது, கீச்சிட்டது, நாலு முறை தொப்பென்று துப்பியது, பிறகு சூடு தாங்காமல் தானே நின்றது. அர்கிரோ விளக்கை அடித்துப் பார்த்தாள். பின்பக்கம் போனாள். சல்லடையில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

"பத்தொன்பது வருஷம் உழைச்ச மெஷின், அம்மணி. வயசாயிடுச்சு. தாயப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டோம்" என்றான் ஸகரியாஸ்.

"பராமரிப்புக்குப் பதிவு ஏதாவது இருக்கா?"

"இருக்காவா?" ஸகரியாஸின் முகம் மலர்ந்தது. அலமாரியிடம் அவனே போனான். "ஒரு நாள் விடாம எழுதியிருக்காங்க எங்க அண்ணி. இந்தச் சுற்று வட்டாரத்துல எந்தச் சங்கத்துலயும் இப்படிப் பார்க்க முடியாது. எடுத்துப் பாருங்க, எடுத்துப் பாருங்க!" இரண்டு கையாலும் நோட்டுகளை அள்ளி அர்கிரோவின் முன்னால் மீன் மேசையில் வைத்தான். கடைசி நோட்டு மேலே இருந்தது.

எழுதுகிறபோது யாரும் படிப்பார்கள் என்ற நினைப்பே எவ்தொக்கியாவுக்கு வந்ததில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு ஆத்மா அந்த நோட்டைத் திறந்ததில்லை. தடுக்க ஒரு சொல் போதும். பழைய நோட்டுகளைப் பாருங்கள், இது கணக்கில் இல்லை என்று சொல்லலாம். ஸகரியாஸுக்கு அவள் பட்ட கடனுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் பந்தெலிஸ் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அவள் சொல்லவில்லை.

அர்கிரோ பக்கங்களைப் புரட்டினாள். நின்றாள். ஒரு பக்கம் பின்னால் போனாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் யாரையும் பார்க்காமல் படித்தாள்.

"ஏப்ரல் ஆறு. தகடு கழுவவில்லை. தலைவர் வேண்டாம் என்றார். ஏப்ரல் பத்து. கிரீஸ் நாள். வைக்கவில்லை. தலைவர் சொன்னபடி. மே இரண்டு. பேரிங் முனகுகிறது. இப்போது வைத்தால் சரியாகிவிடும். வைக்கவில்லை. மே பத்தொன்பது. சீவல் ஈரம். துளை அடைப்பு. எலுமிச்சை உப்பு இருக்கிறது. கரைக்கவில்லை." அவள் இன்னொரு பக்கம் திருப்பினாள். "ஜூன் மூன்று. பந்தெலிஸின் மீன் பதினான்கு பெட்டி போனது. காரணம் ஐஸ். ஐஸுக்குக் காரணம் நாங்கள். என்னைத் திட்டினான். சரிதான்."

பந்தெலிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக ஸகரியாஸின் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஸகரியாஸ் மேசையின் விளிம்பைப் பிடித்தான்.

"புது மெஷினுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாள் அர்கிரோ. குரலில் கோபம் இல்லை, அவளுக்கும் களைப்புத்தான். "வயசாகிச் செத்த மெஷின் இல்ல இது. செத்ததும் இல்ல. பேரிங் இன்னும் தாங்கும். இன்னைக்கே ஆரம்பிச்சா ரெண்டு சீசன் ஓடும்." நோட்டை மூடி, அட்டையைக் கையால் ஒருமுறை தடவி, எவ்தொக்கியாவிடம் நீட்டினாள். "இப்படி எழுதி வச்ச ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல அம்மா."

அர்கிரோ அடுத்த படகைப் பிடிக்கப் போனாள். பந்தெலிஸ் உள்ளே வந்தான். சல்லடையில் மாட்டியிருந்த படத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, பக்கத்துச் சுவரில் மாட்டினான். "இங்கதானே அக்கா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். மற்றவர்களை இழுத்துக்கொண்டு வெளியே போனான். வெளியே சத்தம் பெரிதாகக் கேட்டது. ஸகரியாஸுக்கு இனி நல்ல பொழுது இல்லை.

அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"வேணும்னேதானே எழுதினீங்க?" என்றான் ஸகரியாஸ். "முத்திரைக்காகத்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"நீ செய்யாதேன்னு சொன்னே. செய்யலை. எழுதாதேன்னு நீ சொல்லலையே."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மீன் மேசையில் குவிந்து கிடந்த நோட்டுகளை அடுக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்தான். ஒன்றைத் திறந்தான். கோபத்தில் இருப்பவன் எதையாவது புரட்டுவானே, அப்படித்தான். பிறகு அவன் கை நின்றது. நெடுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். என்ன எழுதினாள் என்பதும் நினைவிருந்தது.

"நவம்பர் எட்டு. காலை வர முடியவில்லை. நிகிதாஸ் அடக்கம். மாலை ஐந்துக்கு வந்தேன். தகடு கழுவினேன். கிரீஸ் வைத்தேன். சத்தம் நன்றாக இருக்கிறது."

"அன்னைக்கா வந்தீங்க?" என்றான். "நாங்க எல்லாரும் வீட்டுல உட்கார்ந்திருந்தோம். தேவாலயத்துல மெழுகுவர்த்தி ஏத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

"மறுநாள் படகு போகுதே. ஐஸ் வேணும்ல."

அவன் உட்கார இடம் தேடினான். அவளுடைய நாற்காலியில் உட்காராமல், அலமாரிக்கு முன்னால் கிடந்த காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெட்டி நகர்ந்ததும் கீழ்த்தட்டு தெரிந்தது. எலுமிச்சை உப்பு, கிரீஸ் டப்பா, துப்பாக்கி போன்ற அந்த கிரீஸ் குழல், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், அவளுடைய முழங்காலைப் பார்த்தான், மேலே பேரிங் இருக்கும் உயரத்தைப் பார்த்தான்.

"எத்தனை பாக்கி அண்ணி?" என்றான்.

"நூத்தைம்பது."

ஸகரியாஸ் எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கிரீஸ் குழலைக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் எது என்று புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஏறுறேன். நீங்க சொல்லுங்க."

"முதல்ல மெயின் சுவிட்சை அணை" என்றாள் எவ்தொக்கியா. "இல்லேன்னா உன் அடக்கத்தையும் நான்தான் எழுதணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்சிலை நாக்கில் தொட்டாள். ஜூன் பதினேழு என்று எழுதிவிட்டு, அவன் மேலே ஏறும்வரை காத்திருந்தாள்.